குரியாவில் பத்து மாதம்: ஜார்ஜியக் கிராமப் பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்கச் செல்பவளின் ஐயங்கள்

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். நான் செந்தூலில் பிறந்து வளர்ந்தவள், வயது 24. ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, ஓராண்டு தற்காலிக ஆசிரியையாகப் பணியாற்றிவிட்டு, வரும் செப்டம்பரில் ஒரு தன்னார்வ அமைப்பின் வழியாக ஜார்ஜியாவுக்குச் செல்லவிருக்கிறேன். அமெரிக்க மாநிலமான ஜார்ஜியா அன்று. கருங்கடலின் கிழக்குக் கரையில், ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் இடையில், தன் மக்களால் சகார்த்வெலோ என்று அழைக்கப்படும் நாடு. இந்த விளக்கத்தை உறவினர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பாட்டி மட்டும் அண்டை வீட்டாரிடம் இன்னமும் அமெரிக்கா என்றே சொல்லி வருகிறார். அதில் அவருக்கு ஒரு பெருமை இருப்பதால் திருத்துவதை விட்டுவிட்டேன்.

நாட்டின் மேற்கில் உள்ள குரியா வட்டாரத்தில், ஒசுர்கேத்தி நகருக்கு அருகிலுள்ள ஒரு கிராமப் பள்ளியை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தங்குவது ஒரு குடும்பத்தாரின் வீட்டில்: தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். நாற்பது பேர் கொண்ட வகுப்பைச் சமாளித்துப் பழகியவள் என்பதால் பள்ளியைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இல்லை. வீட்டை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள் நம் பெரியவர்கள்; நானோ பத்து மாதம் ஒரு வீட்டில் விருந்தாளியாக இருக்கப் போகிறேன். நான்காம் நாளிலிருந்து நான் அந்த வீட்டில் யார்?

மேலும் நான் மரக்கறி உணவு மட்டுமே உண்பவள், மது அருந்தாதவள். அந்நாட்டில் சுப்ரா என்னும் விருந்தில் மணிக்கணக்கில் ஒயின் ஊற்றி வாழ்த்துரை சொல்வார்கள் என்றும், மறுத்தால் மனம் புண்படுவார்கள் என்றும் படித்தேன். அங்கே வாழ்ந்து கற்பித்தவர்கள் யாரேனும் இருந்தால் எழுதி உதவுங்கள்.

பட்டர்வொர்த் பயணி, பினாங்கு

வணக்கம் தங்கையே. 2013 செப்டம்பர் முதல் 2014 ஜூன் வரை நானும் அதே குரியாவில், லாஞ்சுகுத்திக்கு அருகில் ஒரு கிராமத்தில் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதால், உங்கள் பதிவைக் கண்டதும் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கில ஆசிரியர் அந்தக் கிராமங்களுக்குப் புதியவர் அல்லர். பீஸ் கோர் (Peace Corps) என்னும் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பின் தொண்டர்கள் 2001 முதலே அங்கு வரத் தொடங்கிவிட்டார்கள். பிறகு 2010-ஆம் ஆண்டு, அதிபர் சாக்கஷ்விலியின் ஆட்சியில், பள்ளிகளில் ரஷ்ய மொழி வகித்த இடத்தை ஆங்கிலத்துக்குக் கொடுப்பது என்று அரசு முடிவு செய்து, ஆங்கிலம் பேசுவோரைப் பல நாடுகளிலிருந்தும் வரவழைத்துக் கிராமக் குடும்பங்களில் தங்கவைத்தது. ஆகவே ஊராருக்குப் புதுமையாக இருந்தது என் வேலை அன்று, என் முகம்தான். தலைநகர் திபிலீசியில் மருத்துவம் படிக்கும் இந்திய மாணவன் வழி தவறி வந்துவிட்டான் என்று இளைஞர்கள் எண்ணினார்கள். சோவியத் காலத்துத் திரையரங்குகளை மறவாத முதியவர்களோ ராஜ் கபூரின் பெயரைச் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார்கள். மலேசியாவை விளக்க நான் வரைந்த வரைபடத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். விருந்தினர் இறைவனுக்குரியவர் என்பது ஜார்ஜியரின் பழமொழி. அதைச் சுவரில் மாட்டி வைப்பதோடு நிற்காமல் அப்படியே நடப்பவர்கள். அதனால்தான் தொல்லை. என் வீட்டுப் பாட்டியை அவர்கள் மொழியில் பெபியா என்று அழைப்போம். அவர் முதல் மூன்று மாதம் என்னை ஒரு தட்டைக் கூடக் கழுவ விடவில்லை. நான் எழுந்தால் அவரும் எழுவார். நான் பசியாறி முடிக்கும்வரை எதிரில் நின்றுகொண்டே இருப்பார். வெளியே கிளம்பினால் எங்கே, யாரோடு, ஏன் என்று கேட்பார். இதைக் கண்காணிப்பு என்று நினைத்து நான் புழுங்கினேன். உண்மையில், இறைவன் ஒப்படைத்த பொருள் தொலைந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அவருக்கு.

இந்த நிலையிலிருந்து வாய்ச்சொல்லால் விடுபட முடியாது. "நான் உதவட்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம், உட்கார்" என்ற பதில்தான் வரும், எத்தனை முறை கேட்டாலும். எனக்கு வழி திறந்தது மக்காச்சோளத்தால். குரியாவில் கோதுமை ரொட்டியைப் போலவே ம்சாதி என்னும் சோள ரொட்டியும் அன்றாட உணவு. குளிர்காலம் வந்ததும் வீட்டார் அனைவரும் விறகு அடுப்பு எரியும் ஒரே அறைக்குள் குடிபுகுந்துவிடுவார்கள். உங்களுக்குத் தனியறை கொடுத்திருந்தாலும் அதில் போர்வைக்குள் உறங்க மட்டுமே முடியும். மாலையில் அந்த அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சோளக் கதிரிலிருந்து மணிகளை உதிர்ப்பார்கள். ஒருநாள் நானும் யாரையும் கேட்காமல் ஒரு கதிரை எடுத்து உதிர்க்கத் தொடங்கினேன். மறுநாள் என் முன்னாலும் ஒரு கூடை வந்தது. ஒரு வாரம் கழித்து, சரியாக உதிர்க்கவில்லை என்று பெபியா என்னைத் திட்டினார். அந்தத் திட்டு விழுந்த நாளிலிருந்துதான் நான் அந்த வீட்டுப் பிள்ளை. உங்களுக்குச் சோளத்துக்குப் பதிலாக ஹேசல் கொட்டை வாய்க்கலாம். குரியா முழுவதும் அது விளைகிறது.

வீட்டின் பின்புறச் சரிவில் முட்செடி மண்டிக் கிடந்த புதர்களைப் பல வாரங்கள் பார்த்த பிறகே அவை தேயிலை என்று எனக்குப் புரிந்தது. சோவியத் ஒன்றியம் குடித்த தேநீரில் பெரும்பங்கு ஜார்ஜியாவில், அதிலும் குரியா, அஜாரா போன்ற மேற்கு வட்டாரங்களில் விளைந்தது. 1991-இல் ஒன்றியம் உடைந்ததும் சந்தை போயிற்று, ஆலைகள் நின்றன, தோட்டங்கள் காடாயின. பெபியா இளமையில் அங்கே கொழுந்து பறித்தவர். என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போனவர் என்று அரைகுறை ஜார்ஜிய மொழியில் நான் சொன்னபோது, பெபியா முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ?" என்பதுதான். தோட்டத்தில் உழைத்தவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். தோட்டம் துண்டாடப்பட்டபோது தாத்தாவும் பாட்டியும் லயத்து வீட்டைக் காலி செய்த கதையை அதன் பிறகு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுப்ராவைப் பற்றி நீங்கள் படித்தது பாதி உண்மை. மேசைக்குத் தலைவராக இருப்பவர் தமதா. அவர் வாழ்த்துரை சொல்லும்வரை யாரும் தம் விருப்பத்துக்கு ஒயினை எடுத்துக் குடிப்பதில்லை. அமைதிக்கு, நாட்டுக்கு, பெற்றோருக்கு, மறைந்தோருக்கு, பிள்ளைகளுக்கு என்று ஒவ்வொன்றாகப் போகும்; ஒவ்வொன்றும் சிறு சொற்பொழிவு. மறைந்தோருக்கான வாழ்த்தின்போது ரொட்டித் துண்டின்மேல் சில துளி ஒயின் விடுவார்கள். படையல் போட்டு வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தமதா தம் வாழ்த்தைத் தொடருமாறு ஒருவரை அழைப்பதற்கு அலாவெர்தி என்று பெயர். நீங்கள் அஞ்ச வேண்டியது ஒயினுக்கு அன்று, அந்த அழைப்புக்கு. கிண்ணத்தில் பழச்சாறு இருந்தால் மன்னிப்பார்கள், அதிலும் பெண்களை வற்புறுத்துவது குறைவு. ஆனால் அழைத்தபின் எழுந்து நின்று நான்கு சொல் சொல்லத் தெரியாதவரை மன்னிப்பது கடினம். ஆகவே போகும் முன்பே பெற்றோரைப் பற்றி ஒன்று, மறைந்தவர்களைப் பற்றி ஒன்று என இரண்டு வாழ்த்துரைகளை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். யாரேனும் மிகவும் வற்புறுத்தினால் "த்ஸமல்ஸ் வ்ஸ்வாம்", அதாவது மருந்து உட்கொள்கிறேன், என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வாதம் வராது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பீரை உயர்த்தி நண்பரை வாழ்த்தாதீர்கள், பழைய வழக்கப்படி அது பகைவருக்கு உரியது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, புக்கிட் மெர்தாஜாம்

வணக்கம் அம்மா. தம்பி எழுதியதைச் சுவைத்துப் படித்தேன். ஆனால் நீங்கள் "பள்ளியைப் பற்றி அச்சம் இல்லை" என்று ஒரே வரியில் கடந்துபோனது எனக்கு உறுத்துகிறது. அஞ்ச வேண்டிய இடம் அதுதான்.

அமெரிக்க ஃபுல்பிரைட் திட்டத்தின் கீழ் இளம் பட்டதாரிகள் துணை ஆசிரியர்களாக நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தார்கள் அல்லவா? அந்தக் காலத்தில் நான் திரெங்கானுவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. எங்களுக்கு வந்த பெண்ணுக்கு வயது 22. நல்ல பெண், கற்பித்த அனுபவம் கிடையாது. வந்த வாரமே அவரை மேடையேற்றினார்கள், மாவட்ட அதிகாரிகள் வந்து அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளாக அதே பிள்ளைகளின் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த என்னை, அவருக்கு நாற்காலி எடுத்து வரச் சொன்னார்கள். நான் எடுத்து வந்தேன். அந்தப் பெண் அதில் உட்காராமல், வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய், "டீச்சர், முதல் மாதம் நீங்கள் கற்பிப்பதை நான் பார்க்க வேண்டும்" என்றார். அந்த ஒரு செயலுக்காகவே அவரை இன்றுவரை என் மகளாக நினைக்கிறேன்.

உங்களுக்கும் அங்கே ஓர் உள்ளூர் ஆசிரியை இணையாக இருப்பார். அவர் எப்படிப்பட்டவராக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். சோவியத் காலத்தில் ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து படித்தவராக, இலக்கணத்தில் உங்களையும் என்னையும் தோற்கடிப்பவராக, ஆனால் ஓர் ஆங்கிலேயரோடு பேசும் வாய்ப்பே இல்லாமல் பாதி வாழ்நாளைக் கழித்தவராக இருக்கலாம். அடுத்த அறையில் இருப்பவர், ரஷ்ய மொழி கற்பித்து வந்து, ஒரே ஆண்டில் தம் பாடத்தின் மதிப்பு இறங்குவதைக் கண்டவராக இருக்கலாம். இவர்கள் முன்னிலையில் உங்கள் உச்சரிப்பு ஒரு சாட்டையாக மாறிவிடக் கூடாது. பிள்ளைகளின் முன் அவரைத் திருத்தாதீர்கள். அவர் தவறாகச் சொல்லிய சொல்லை இரண்டு நாள் கழித்து உங்கள் பேச்சில் சரியாகப் பயன்படுத்துங்கள், அவர் காதில் விழும்.

இன்னொன்றையும் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். பத்து மாதத்தில் ஒரு கிராமத்துக்கு ஆங்கிலம் வந்துவிடாது. வந்து போகும் தன்னார்வலர்களால் ஆதாயம் அடைபவர் பெரும்பாலும் அந்தத் தன்னார்வலரே என்பது என் அனுபவம். தம்பிக்கு இதில் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதட்டும்.

கக்கேத்தி நினைவு, பிரிக்ஃபீல்ட்ஸ்

வணக்கம். நான் 2017-ஆம் ஆண்டு நாட்டின் கிழக்கே, கக்கேத்தி வட்டாரத்தில் சிக்னாகிக்கு அருகில் ஒரு பருவம் கற்பித்தேன். நானும் மரக்கறி உண்பவள் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"நான் இறைச்சி உண்பதில்லை" என்று சொன்னால் கோழி வரும். அதையும் மறுத்தால் கவலை வரும், இந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு என்னவோ என்று. எனக்கு உதவிய சொல் விரதம். ஜார்ஜிய மரபுவழித் திருச்சபையினர் ஆண்டில் பல வாரங்களும், புதன் வெள்ளிக் கிழமைகளிலும் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்கி நோன்பு இருப்பார்கள். எல்லா வீட்டிலும் எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், அதற்கென்று தனிச் சமையல் எல்லோருக்கும் தெரியும். "சமய வழக்கப்படி எனக்கு ஆண்டு முழுவதும் நோன்பு, பால் மட்டும் உண்டு" என்று நான் சொன்ன மறுகணமே கவலை மரியாதையாக மாறிவிட்டது. தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் ஊரிலிருந்து வருபவளுக்கு இது பொய்யும் அன்று. அதன்பிறகு மண்சட்டியில் வேகவைத்த லோபியோ என்னும் பீன்ஸ், கீரையையும் பீட்ரூட்டையும் வால்நட் விழுதில் பிசைந்த ப்காலி, வால்நட் தடவிச் சுருட்டிய கத்திரிக்காய் என்று நான் நன்றாகவே உண்டு பெருத்தேன். கொத்தமல்லித் தழை தாராளம். வெந்தயத்தின் உறவான ஒரு மூலிகையைப் பொடித்து எதிலும் போடுவார்கள். நாம் மாலை கட்டும் செண்டுமல்லியின் இதழை உலர்த்தி இடித்து மஞ்சளைப் போலக் குழம்பில் சேர்ப்பதைக் கண்டபோதுதான் சற்று நேரம் வாயடைத்து நின்றேன்.

செப்டம்பர் இறுதியில் போனால் ர்த்வெலி என்னும் திராட்சை அறுவடை நடக்கும். மது அருந்தாவிட்டாலும் பறிக்கப் போங்கள். சாற்றைப் புதைத்து வைக்கும் பெரிய மண்தாழிகளுக்குக் க்வெவ்ரி என்று பெயர். அம்முறையை யுனெஸ்கோ 2013-இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தாழியைக் கழுவ ஒருவர் உள்ளே இறங்குவதைப் பார்த்தால் அதன் அளவு புரியும்.

பெண் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். "திருமணம் ஆகிவிட்டதா?" என்ற கேள்வி பெயருக்கு அடுத்ததாக வரும், நம் உறவினர்களிடம் பெற்ற பயிற்சி அங்கே கைகொடுக்கும். ஒரு வாலிபரோடு இருமுறை தேநீர் குடித்தால் ஊர் கணக்குப் போட்டுவிடும். மாலையில் வெளியே போவதாக இருந்தால் வீட்டு மருமகளையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். குளிர்ந்த சிமெண்டுத் திண்ணையில் உட்காராதீர்கள். கருப்பைக்கு ஆகாது என்று தெருவில் போகும் முன்பின் அறியாத மூதாட்டி கூட உங்களை எழுப்பிவிடுவார்.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

மூவருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிவில் அந்த வரி இருப்பதே வெட்கமாக இருக்கிறது. இணை ஆசிரியைக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பாடநூலின் பெயரைக் கேட்டேன், வேறு எதையும் சொல்லவில்லை.

அண்ணா, எனக்கு இன்னொரு கவலை. என் ஆங்கிலம் மலேசிய ஆங்கிலம். அமெரிக்க, பிரிட்டன் உச்சரிப்பைக் கேட்டுப் பழகிய பள்ளி என்னைப் பார்த்து ஏமாற்றம் அடையாதா? ஜார்ஜிய மொழியை எவ்வளவு கற்றுக்கொண்டு போவது நல்லது? டீச்சர் உங்களிடம் கேட்ட கேள்விக்கும் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

பட்டர்வொர்த் பயணி, பினாங்கு

டீச்சருக்கு முதலில். நீங்கள் சொன்னதில் பெரும்பகுதியை மறுக்க முடியாது. என் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணில் நான் போனதால் எந்த மாற்றமும் நிகழவில்லை. வகுப்பில் ஒருவனைக் கேட்டால் எட்டுப் பேர் சேர்ந்து பதில் சொல்வதும், பதில் தெரியாதவனுக்கு அடுத்தவன் சொல்லிக் கொடுப்பதை நட்பின் கடமையாகக் கருதுவதும் நான் ஊர் திரும்பும்வரை அப்படியேதான் இருந்தன. மாறியது ஒன்றே. செப்டம்பரில் ஆங்கிலப் பாடத்தை முழுவதும் ஜார்ஜிய மொழியில் நடத்திய என் இணை ஆசிரியை, மே மாதத்தில் பாதி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். அதற்கும் என் கற்பித்தல் காரணம் அன்று. இடைவேளைதோறும் ஆசிரியர் அறையில் கேக்கும் தேநீருமாக அவரோடு உட்கார்ந்து மருமகளைப் பற்றியும் விறகு விலையைப் பற்றியும் பேசியதுதான். அவர் இன்னும் அதே பள்ளியில் இருக்கிறார், நான் இல்லை. எனவே ஆதாயம் எனக்கு மட்டும் என்பதை முழுமையாக ஏற்க மாட்டேன், டீச்சர்.

தங்கையே, உச்சரிப்புக் கவலையை விட்டுவிடுங்கள். தமிழ் பேசி வளர்ந்தவருக்கு அந்த வகுப்பில் வெள்ளையருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: பிள்ளைகள் ஏன் தவறு செய்கிறார்கள் என்று உடனே விளங்கும். ஜார்ஜிய மொழியில் ஃ-ஒலியோடு வரும் பகரம் கிடையாது. ஃபிலிம் அங்கே பில்மி. நம் தாத்தாவும் பிலிம் என்றுதான் சொன்னார். மெய்யில் முடியும் அயற்சொல்லுக்கு நாம் உகரம் சேர்த்துப் பஸ்ஸு, பேங்க்கு என்பதுபோல அவர்கள் இகரம் சேர்த்து அவ்தோபுசி, பான்கி என்பார்கள். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் a, the போன்ற சிறுசொல் அவர்கள் மொழியிலும் இல்லை, நம் மொழியிலும் இல்லை. அவன், அவள், அது மூன்றுக்கும் அவர்களுக்கு ஒரே சொல். ஆகவே தாயைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவன் சமைத்தான் என்று வந்தால் சிரிக்காதீர்கள்.

மொழியைக் கற்பதில் எழுத்திலிருந்து தொடங்குங்கள். மொத்தம் 33 எழுத்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற வேறுபாடு அன்றாட எழுத்தில் இல்லை, எழுதியபடியே படிக்கலாம். இரண்டு வாரம் போதும். யாக்கோப் கோகெபாஷ்விலி 1876-இல் வெளியிட்ட தேதா எனா என்னும் அரிச்சுவடியின் வழியில்தான் அங்கே தலைமுறை தலைமுறையாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். "ஆய் இயா", இதோ ஊதாப்பூ, என்பது அதன் முதல் பாடம். வீட்டுச் சிறுவன் எனக்கு அதைக் கற்பித்தான். நான் தடுமாறுவதைப் பார்ப்பது அவனுக்கு நான் நடத்திய எல்லா ஆங்கிலப் பாடத்தையும்விட இனித்தது. உச்சரிப்பில் துன்பம் உண்டு. பயிற்சியாளரைக் குறிக்கும் ம்த்ஸ்வ்ர்த்னெலி என்ற சொல்லில் முதல் உயிரொலி வருமுன் ஆறு மெய்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இடையிடையே உகரம் போட்டுப் பேசும் நம் நாக்கு அங்கே தோற்றுவிடும். எண்கள் இருபது இருபதாக ஏறும்: நாற்பது என்றால் இரண்டு இருபது, எழுபத்தைந்து என்றால் மூன்று இருபதும் பதினைந்தும். முதல் வாரம் கடையில் சில்லறை எண்ணும்போது நினைத்துக்கொள்வீர்கள். தேதா என்றால் அம்மா, மாமா என்றால் அப்பா. அந்தச் சிறுவன் ஒருவரை மாமா என்று கூப்பிட்டதைக் கேட்டு, தாய்மாமன் கூடவே வசிக்கிறார் என்று நான் இரண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் 14. நமக்குச் சித்திரைப் புத்தாண்டு வருகிற நாள், அவர்களுக்குத் தாய்மொழி நாள். 1978-இல் ஜார்ஜிய மொழிக்கு இருந்த ஆட்சிமொழித் தகுதியை அரசியலமைப்பிலிருந்து நீக்க மாஸ்கோ முயன்றபோது, அந்த நாளில் திபிலீசித் தெருக்களில் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள், அரசு பின்வாங்கியது. அன்று பள்ளியில் பிள்ளைகள் கவிதை சொல்லும்போது, ஆங்கில ஆசிரியராகிய எனக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். விழா முடிந்ததும் தலைமையாசிரியை என்னைத் தமிழில் ஏதேனும் சொல்லச் சொன்னார். எனக்கு ஆத்திசூடிதான் வாயில் வந்தது. ஆங்கிலம் வேண்டும் என்று நம்மை அழைக்கிறவர்கள், தங்கள் மொழியை ஒருமுறை இழக்கப் பார்த்தவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், வகுப்பில் "ஜார்ஜிய மொழியில் பேசாதே" என்று அதட்டத் தோன்றாது. தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே மாதம் ஈஸ்டருக்கு, என் கிராமத்துக்கு அருகிலிருந்த ஷுகுத்தி என்னும் ஊரில் லேலோ ஆடினார்கள். ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள தோல் பந்து. மேலூர் ஒரு பக்கம், கீழூர் ஒரு பக்கம். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம், விதி என்று சொல்ல அதிகம் இல்லை. எதிராளியைத் தள்ளித் தங்கள் பக்கத்து ஓடையைத் தாண்டிப் பந்தைக் கொண்டு போனவர்களுக்கு வெற்றி. வென்றவர்கள் அந்தப் பந்தை ஊரில் மறைந்த ஒருவரின் கல்லறைமேல் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஓரமாக நின்று பாருங்கள். நான் ஆர்வத்தில் உள்ளே போய் ஒரு காலணியை இழந்தேன்.

கடைசியாக, வீட்டுச் செலவு. அமைப்பு அவர்களுக்கு ஏதேனும் கொடுத்தாலும் குளிர்காலத்தில் உங்களால் விறகும் மின்சாரமும் கூடுதலாகும். பணமாக நீட்டினால் பெபியா வாங்க மாட்டார். நகரத்துக்குப் போய் வரும்போது மாவு, சர்க்கரை, எண்ணெய் என்று மூட்டையாக வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் சமையலறையில் வைத்துவிடுங்கள். யாருக்கேனும் பூக்கொத்து வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படை இறந்த வீட்டுக்கு. மொய்க்கு நூற்றொரு வெள்ளி வைத்துப் பழகிய உங்களுக்கு அது மறக்காது. ஊரிலிருந்து பாத்திக் துணியும் குடும்பத்தாரின் படங்களும் எடுத்துச் செல்லுங்கள், படங்களைக் கைப்பேசியில் வைத்திராமல் தாளில் அச்சிட்டு. ஒவ்வொரு முகத்தையும் தொட்டு இவர் யார், இருக்கிறாரா, மறைந்தாரா என்று கேட்பார்கள். மறைந்தவர் என்றால் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வார்கள், அடுத்த சுப்ராவில் சொல்வதற்கு.